திரிசலாவின் வெந்நீர்

வெப்பவியலில் டாக்டர் பட்டம் வாங்கிய திரிசலா, 1975இல் மேல் ஆராய்ச்சிக்கு இடம் கேட்டு வெளிநாட்டுப் பேராசிரியர்களுக்கு எழுதினாள். எல்லோரும் மரியாதையாகக் கைவிரித்தார்கள்.

அதன்பிறகு ஆய்வேட்டைச் சுருக்கி அனுப்புவதை நிறுத்தினாள். சின்ன காஞ்சிபுரத்தில் முனிரத்தினத்தின் பட்டுச் சாயப்பட்டறை மாடியில், தண்ணீரை வெயிலில் சூடாக்கும் கருவி ஒன்றை அவளே அமைத்திருந்தாள். பட்டறையில் விறகுச் செலவு பாதியாகியிருந்தது. இப்போது அதைப் பற்றி எழுதினாள்.

"மேகம் மூடினா தண்ணி சுடறதில்லயேம்மா, அதையுமா எழுதற?" என்றார் முனிரத்தினம்.

"அதத்தாண்ணா முக்கியமா எழுதறேன். அத சரி பண்ணத்தான் எனக்கு எடம் வேணும்."

மெல்போர்னில் ஒரு பேராசிரியரும் வெயிலின் சூட்டைச் சேமிக்கத்தான் வழி தேடிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு வேலை தந்து வரச் சொன்னார்.

அம்மா தயாவதிக்கு வேறு கவலை. அவர்கள் சமணர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள்.

"நீ வேலை முடிச்சுக்கினு வர்றதுக்குள்ள இருட்டிடுமே?"

"கோடையில ராத்திரி எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்குமாம்," என்று சிரித்தாள் திரிசலா. "குளிர்காலத்துல டிபன் கட்டிக்கினு போய் அங்கயே சாப்புட்டுக்கறேன், நீ கவலப்படாத."