சித்தப்பா விழுந்தாரா, பாய்ந்தாரா?

ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயிப்பதைப் போல ஒரு வீட்டுக்குக் கேடு வேறு கிடையாது. ஐந்துக்குப் பூஜ்யம் என்றால் கை தட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடலாம். தோற்றால் நடுவரைத் திட்டிவிட்டுப் படுத்துவிடலாம். ஒரே ஒரு கோலில் ஜெயித்துவிட்டால் மட்டும், அது திறமையா அதிர்ஷ்டமா என்று பேசித் தீர்க்கிற வரைக்கும் எவருக்கும் சோறு இறங்காது. எங்கள் வீட்டில் ஒருமுறை அதைப் பேசித் தீர்த்தது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

மைசூரில், விஜயநகரில் இருந்தோம். ரயில்வே வேலைக்கு வந்த தாத்தா கட்டிய வீடு. கீழே நாங்கள், மாடியில் சித்தப்பாவும் சித்தியும். அம்மாவின் அண்ணன், அதாவது மாமா, இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். ஆனால் அவர் காபி குடிப்பதும் சண்டை போடுவதும் எங்கள் வீட்டில்தான். தசரா லீவில் ஊரே அரண்மனை விளக்கையும் யானைகளையும் பார்க்கப் போகும். எங்கள் வீடு மட்டும் பக்கத்து மைதானத்துக்குப் போகும். சுற்றுவட்டார லேஅவுட்டுகளும் ஹாஸ்டல்களும் மோதுகிற கால்பந்துப் போட்டி அங்கே அந்த லீவில்தான் நடக்கும்.

எங்கள் லேஅவுட் டீமுக்கு மேனேஜர், கோச், ஜெர்சியை வாங்கி மடித்து வைப்பவர் எல்லாமே அப்பாதான். அவர் பந்தை உதைத்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனாலும் அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. அதற்குப் பெயர் பூட்டு. முதலில் ஒரு கோல் போடு. பிறகு எல்லோரும் பின்னால் வந்து கதவைப் பூட்டு. அந்தப் பூட்டே சித்தப்பாதான். கோல்கீப்பருக்கு முன்னால் கடைசி ஆளாக நிற்பவர் அவர். மற்றவர்களெல்லாம் கல்லூரிப் பையன்கள், அவருக்கு மட்டும் முப்பத்தாறு வயது. ஞாயிற்றுக்கிழமை ஆடினால் புதன்கிழமை வரை சித்தி அவர் முட்டிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுப்பாள். பெரிய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் வீட்டில் செய்கிற மரியாதை அது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் அரையிறுதியில் எங்களுக்கு வாய்த்தது ஒரு ஹாஸ்டல் பையன்களின் டீம். காற்றாய்ப் பறந்தார்கள். முதல் பத்து நிமிடத்திலேயே எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்து, யார் தலையில் பட்டது என்று அடித்தவனுக்கே தெரியாமல் ஒரு கோல் விழுந்துவிட்டது. அப்பா எழுந்து நின்று, கதவைப் பூட்டுவது போலக் கையைத் திருகிக் காட்டினார். அதற்கப்புறம் பந்து எங்கள் பக்கத்தை விட்டு நகரவே இல்லை. முந்தின நாள் மழையில் மைதானம் முழுக்கச் சேறு வேறு.

நான் எங்கள் கோலுக்குப் பின்னால், ஒரு பொட்டலம் சுருமுரிப் பொரியோடு உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் முடியப் போகிற நேரம். வந்த பந்தைச் சித்தப்பா தலையால் முட்டி வெளியே தள்ளினார். எங்கள் பையன்கள் எல்லோரும் அதன் பின்னால் முன்னோக்கி ஓடினார்கள். சித்தப்பா ஓடவில்லை. கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, தண்ணி இருக்கா?"

பாட்டிலைக் கொடுத்தேன். மடக் மடக்கென்று குடித்தார். "இன்னும் எவ்ளோ நேரமாம்?" என்று கேட்டார். "தெரியல சித்தப்பா" என்றேன். நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

அடுத்த நிமிடம் ஹாஸ்டல் பையன் ஒருவன் எங்கள் கோல்கீப்பரையும் தாண்டிவிட்டான். கோல் ஹோவென்று திறந்து கிடந்தது. அவன் கூட்டாளிகள் "ஹொடியோ! ஹொடியோ!" என்று அடிக்கச் சொல்லிக் கத்தினார்கள். அவனும் அடித்தான். சித்தப்பா கம்பத்தை விட்டு ஓர் அடி எடுத்து வைத்தார். வலது முட்டி உள்பக்கமாக மடங்கியது. அப்படியே சாய்ந்தார். பந்து அவர் இடுப்பில் பட்டு வெளியே போனது. விசில் ஊதிவிட்டார்கள். நாங்கள் ஃபைனலுக்குப் போய்விட்டோம்.

முட்டி மடங்கியதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவள் நான் ஒருத்திதான். மாமா புது போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். சரியாக அந்த நேரத்தில் அவர் குதித்ததால், அதில் கொஞ்சம் வானமும் பக்கத்தில் நின்றவரின் காதும்தான் விழுந்திருந்தன.

சாயங்காலம் எங்கள் கொலுவுக்கு முன்னால் கோர்ட் கூடியது. கோல்கீப்பரும் இன்னும் இரண்டு பையன்களும் ஆளுக்கொரு கிண்ணம் சுண்டலோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பாக வேண்டிய விஷயம் ஒன்றுதான். ஃபைனலில் கடைசி ஆளாக நிற்கப் போவது சித்தப்பாவா, இல்லை இதுவரை வெளியே உட்கார்ந்திருந்த பத்தொன்பது வயதுப் பையனா?

"லக்கு மாராயா, வெறும் லக்கு!" என்று கன்னடமும் தமிழுமாக ஆரம்பித்தார் மாமா. "காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. இவன் வழுக்கி விழுந்தான், பந்து வந்து பட்டுச்சு. இதை நம்பி ஃபைனல்ல இறங்காதீங்க மாப்ளே. அந்தச் சின்னப் பையன் மான் மாதிரி ஓடறான், அவனை நிக்க வைங்க."

"பனம்பழம் விழற இடத்துல காக்கா ஏன் மச்சான் போய் உக்காந்துச்சு?" என்றார் அப்பா. "எல்லாரும் முன்னாடி ஓடினப்போ இவன் மட்டும் ஏன் கம்பத்துக்கிட்ட நின்னான்? நீங்க பந்தைப் பாக்கறீங்க. நான் ஆள் நிக்கற இடத்தைப் பாக்கறேன். அதான் பூட்டு."

நல்ல கேள்விதான். பையன்கள் தலையாட்டினார்கள். மாமா விடுகிற ஆளா? கொலுப் படிகளுக்குக் கீழே அம்மா மணல் பரப்பி, கடுகு முளைக்கவிட்டு, அழகாக ஒரு பார்க் போட்டிருந்தாள். மாமா அதற்குள் கையை விட்டார். பொம்மைக் கிணறு கோல் ஆனது. பால்காரர் கோல்கீப்பர் ஆனார். தொப்பை வைத்த போலீஸ்காரர்தான் சித்தப்பா. ஹாஸ்டல் பையன்களுக்கு மட்டும் பொருத்தமான ஆள் கிடைக்காமல், பார்க் ஓரத்தில் இருந்த கிரிக்கெட் செட்டைப் பிரித்தார். பேட்டும் கையுமாக அவர்கள் கால்பந்து ஆட வந்து நின்றார்கள்.

"ஐயோ அண்ணா! விஜயதசமி வரைக்கும் பொம்மையை நகத்தவே கூடாது!" என்று அம்மா ஓடி வந்தாள்.

"படியில இருந்தா சாமிம்மா. தரையில இருந்தா பிளேயர்" என்றார் மாமா.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் தாம்பூலம் வாங்க வந்து, பேட்ஸ்மேன்கள் கிணற்றைச் சுற்றி வளைத்திருப்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் போனார்கள்.

சித்தப்பா சோபாவில், ஸ்டூலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அப்பா இருக்கிற இடத்தில் அவர் கால் நீட்டி உட்கார்ந்து நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. அவரை வளர்த்துப் படிக்கவைத்தது அப்பாதான். அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"மச்சான் சொல்றதுதாண்ணா சரி" என்றார் சித்தப்பா. "லக்குதான். ஃபைனலுக்கு அந்தப் பையனையே…"

"பாத்தீங்களா, பாத்தீங்களா! அடக்கத்தைப் பாத்தீங்களா!" அப்பா பையன்கள் பக்கம் திரும்பினார். "இவன் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான்."

"இல்லண்ணா, நெஜமாவே நான்…"

"நிறைகுடம் தளும்பாதுடா" என்றார் அப்பா. அதற்கு மேல் மனுஷன் என்ன பேசுவார்?

சமையலறை வாசலில் நின்ற சித்தி, "லக்குன்னே வெச்சுக்கங்களேன், என்ன கொறஞ்சு போச்சு? அதான் ஜெயிச்சாச்சு இல்ல" என்றாள். எனக்கு வந்ததே கோபம்! கட்டின பெண்டாட்டியே மாமா கட்சிக்குப் போய்விட்டால் எங்கள் சித்தப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்? எனக்கு வீட்டிலேயே பிடித்த ஆள் அவர்தான். அவரைக் கிழவன் என்று ஓரம் கட்டப் பார்க்கிறார்கள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

மாமா போலீஸ்காரரை ஒரு விரலால் தட்டிவிட்டார். "இதோ, இப்படி. தொப்புன்னு விழுந்தான். இதுக்குப் பேரு பிளானா குரு?"

பையன்கள் கொல்லென்று சிரித்தார்கள். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பாவும் சிரித்தார், அதுவும் மனம் விட்டு. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்பா தாடையைச் சொறிந்தபடி, "ம்… அப்போ அந்தப் பையனையே பாக்கலாமா?" என்று இழுத்தார். இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்துவிட்டார்.

"ஸ்வல்ப இருங்க. பாப்பா, நீ கோலுக்குப் பின்னாடிதானே இருந்த? கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு உன்கிட்ட என்னமோ பேசினானே, என்ன சொன்னான்?"

நான் எழுந்து போனேன். மணலில் குப்புறக் கிடந்த போலீஸ்காரரை எடுத்து, கிணற்றுக்குப் பக்கத்தில் அழுத்தி நிறுத்தினேன்.

"'பால் இங்கதான் வரும் பாப்பா, நான் முன்னாடி போகல. அவன் அடிச்சான்னா குறுக்கே விழுந்து தடுத்துடுவேன்'னு சொன்னார்" என்றேன்.

ஹோம்வொர்க் விஷயத்தில் நான் நிறையப் பொய் சொல்லியிருக்கிறேன். இத்தனை சுத்தமாக ஒரு பொய் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. மாமா வாயைத் திறந்தபடி என்னையும் போலீஸ்காரரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏண்டா, அப்படியா சொன்ன?" அப்பா சித்தப்பாவைக் கேட்டார்.

சித்தப்பா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றேன். வாசலில் இருந்து சித்தி, "சொல்லுங்க" என்றாள். பிறகு இன்னும் மெதுவாக, "என்னங்க, சொல்லுங்களேன்" என்றாள்.

"ஆமாண்ணா, சொன்னேன்" என்றார் சித்தப்பா.

அப்பா துள்ளி எழுந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மாமா இரண்டு கையையும் தூக்கி, "சரி, நான் தோத்தேன். முன்னாடியே சொல்லிட்டு விழறவனுக்கு எதிரா நான் என்ன பேசறது?" என்றார். கிரிக்கெட்காரர்களை அவரே பொறுக்கி அவரவர் இடத்தில் வைத்தார். சித்தி சுண்டல்கூட எடுத்துக்கொள்ளாமல் மாடிக்குப் போனாள். வாதத்தில் தோற்ற ஆத்திரம் என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது எனக்கு. சித்தப்பாவைக் காப்பாற்றிவிட்டேன் இல்லையா?

ஃபைனல் இரண்டு நாள் கழித்து நடந்தது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சித்தப்பா பக்கத்தில் எதிராளி எவனும் இல்லை, பந்தும் இல்லை. சும்மா திரும்பினார், விழுந்தார். இந்தத் தடவை அவர் போட்ட சத்தம் சாலை வரைக்கும் கேட்டது. நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தப் பத்தொன்பது வயதுப் பையன் உள்ளே போய், மாமா சொன்ன மாதிரியே மான் போல ஓடினான். மூன்றுக்குப் பூஜ்யம். அந்த வெற்றியைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அரையிறுதிக்குப் போகும்போதே, முட்டி தாங்கவில்லை, இன்றோடு ஆட்டம் சரி, சாயங்காலம் அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன் என்று சித்தப்பா சித்தியிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறார். சித்தியே இதை என்னிடம் சொன்னாள், ஆனால் எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் கழித்து.

முட்டியில் ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். அப்பா வெளியே பெஞ்சில் இருந்தார். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் இறக்கியிருப்பேனா? பிளான் பண்ணி விழுந்தான்னு இல்ல நெனச்சேன்" என்று மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே சித்தப்பா என்னைப் பார்த்ததும், சித்தியைக் காபி வாங்கிவர அனுப்பினார். என்னைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நான் அப்படிச் சொல்லவே இல்லைன்னு யார்கிட்டயாவது சொன்னியா பாப்பா?"

"இல்ல சித்தப்பா. சத்தியமா இல்ல."

"சொல்லாத. அப்பாகிட்ட சொல்லாத, அம்மாகிட்டயும் சொல்லாத. யார் கேட்டாலும் நான் சொன்னேன், நீ கேட்ட. அவ்வளவுதான். என்ன?"

தலையாட்டினேன். பாவம் சித்தப்பா, காலும் போய் அந்தப் பெயரும் போய்விடக் கூடாதே என்று பயப்படுகிறார் என்று நினைத்தேன். பயப்படாதீங்க, நான் இருக்கேன் என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்தேன். அவர் சிரித்துவிட்டு, ஒரு ஆரஞ்சுச் சுளையை உரித்து என் வாயில் போட்டார்.

வெளியே வந்ததும் அப்பா குனிந்து, "பாப்பா, அன்னைக்கு சித்தப்பா நெஜமாவே அப்படிச் சொன்னானா?" என்று கேட்டார். அவர் கண் சிவந்திருந்தது. "சொன்னார்ப்பா" என்றேன், கொஞ்சமும் தடுமாறாமல். சித்தப்பாவின் மானத்தை நான் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை. கட்டிலில் கட்டுப் போட்ட காலோடு கிடந்தபடி அவர் யாரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.