குஞ்சுகள் பறக்கும்வரை

நான் வேலையை விட்ட அடுத்த மாதமே என் கணவருக்கு வேலை போயிற்று. அவர் இருந்த மென்பொருள் நிறுவனத்தில் ஒரு குழுவையே கலைத்தார்கள். மதியம் கூப்பிட்டு அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். சென்னை காட்டுப்பாக்கத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த இரண்டாவது மாடி வீட்டுக்கு அவர் வந்து சேர்ந்தபோது, நான் சாப்பாட்டு மேசையில் விசிட்டிங் கார்டு மாதிரிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு, ‘சூழலியல் ஆலோசகர்’ என்பதைப் பச்சை எழுத்தில் போடுவதா கறுப்பிலா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் ஷூவைக் கழற்றாமலேயே சோபாவில் உட்கார்ந்தார்.

“நீ மறுபடி லேபுக்கே போக முடியுமான்னு கேட்டுப் பாரேன்” என்றார்.

லேப் என்றது அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த ஒரு பரிசோதனைக்கூடம். கேன்களில் வரும் தொழிற்சாலைக் கழிவுநீரையும் ஏரித்தண்ணீரையும் சோதித்து முடிவுகளைத் தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. சூழலியல் படித்தவள், ஏரியைப் பார்க்காமல் ஏரித்தண்ணீரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தச் சலிப்பில்தான் விட்டேன். அவர் சொன்னதற்காக வெட்கத்தை விட்டு ஒருநாள் போய்க் கேட்டேன். என் நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

பிறகு தெரிந்தவர்களிடமெல்லாம் கார்டைக் கொடுத்துவிட்டு அழைப்புகளுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை என்று சொல்ல முடியாது. ஐயப்பன்தாங்கலிலிருந்து ஒருவர் கரையானுக்கு மருந்து அடிப்பீர்களா என்று கேட்டார். இன்னொருவர் வீட்டில் புகுந்த பாம்பைப் பிடிக்கக் கூப்பிட்டார். பூந்தமல்லியில் ஒரு ஆலோசனை அலுவலகத்தில் மட்டும் மரியாதையாக உட்காரவைத்துப் பேசினார்கள். குத்தம்பாக்கம் பக்கம் வரப்போகும் மனைப்பிரிவு ஒன்றுக்குச் செடிகொடி, பறவை, விலங்குகள் பற்றிய அறிக்கை வேண்டும் என்றார்கள். எப்போது இடத்தைப் பார்க்கப் போகலாம் என்று ஆவலாகக் கேட்டேன்.

“எடத்துக்கெல்லாம் எதுக்கு மேடம் வெயில்ல போயிகினு? லிஸ்ட் ரெடியா கீது. பேர மட்டும் மாத்தி, நீங்க ஒரு கையெழுத்து போட்டாப் போதும்.”

முடியாது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். கீழே ஸ்கூட்டரில் காத்திருந்த கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “போட்டுக் குடுத்திருக்கலாம்” என்றார். குமணன்சாவடி சிக்னலில் நின்றபோது திரும்பாமலேயே, “இல்ல, நீ செஞ்சதுதான் சரி” என்றார். இரண்டுமே அவர் மனதிலிருந்து வந்தவைதான். அதனால்தான் அன்று முழுவதும் எங்களால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை.

மழைக்காலம் முடிகிற நேரத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் அழைத்தார். குமணன்சாவடியிலிருந்து உள்ளே போகும் சாலையில் இருந்தது அந்த இடம். செயலாளர் ஈரோட்டுப் பக்கத்துக்காரர், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். வாசலிலேயே நின்று என்னை நேராகக் கார் நிறுத்துமிடத்துக்கு அழைத்துப்போனார்.

“மேல பாருங்க மேடம். மனுசன் குடியிருக்கற எடமுங்களா இது?”

பெரிய தூங்குமூஞ்சி மரம். ஒரு பாதி சுற்றுச்சுவருக்கு வெளியேயும் மறுபாதி கார்களின் மேலேயுமாகக் கவிந்திருந்தது. கிளைகள் முழுக்கக் கூடுகள். வக்கா எனப்படும் இராக்கொக்குகளும் சின்ன வெள்ளைக் கொக்குகளும் சேர்ந்து கட்டியவை. குஞ்சுகளின் ‘கக்கக்கக்’ என்ற சத்தம் விடாமல் கேட்டது. கீழே கார்கள் வெள்ளை பூசியதுபோல நின்றன. அழுகிய மீன் நாற்றத்துக்கு நானே மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் அந்த மரத்தடியில் நின்ற சில நிமிடங்களில் நான் எதற்காக இதைப் படித்தேன் என்பது மறுபடி நினைவுக்கு வந்தது. இத்தனை கட்டடங்களுக்கு நடுவே இவை எந்தத் தண்ணீரில் மீன் பிடித்து எடுத்துவருகின்றன என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

“இந்த மரத்த வெட்டலாம்னு நிபுணர் லெட்டர் ஒண்ணு வேணுங்க” என்றார் செயலாளர். “அது இருந்தா அனுமதி வாங்கச் சுலபம்னு சொன்னாங்க.”

குஞ்சுகள் இருக்கும்போது வெட்டக் கூடாது என்றேன். அவர் கோபப்படவில்லை. “அத நீங்களே சங்கக் கூட்டத்துல சொல்லீருங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு முந்தைய நாள் முழுவதும் நான் வீட்டில் ஒத்திகை பார்த்தேன். கணவர்தான் குடியிருப்புவாசிகளாக நடித்துக் கேள்வி கேட்டார். அவர் கேட்டது எதையும் அங்கே யாரும் கேட்கவில்லை.

முதலில் எழுந்தவர் அந்த நிலத்தின் பழைய சொந்தக்காரர். நிலத்தைக் கட்டுமானத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்குக் கிடைத்த கீழ்த்தள வீட்டில் குடியிருந்தவர். மரத்துக்காக இவராவது பேசுவார் என்று நான் நினைத்திருந்தேன்.

“இன்னாம்மா இது, கொக்கு குஞ்சு பொரிச்சி பறக்கறவரிக்கும் நாங்க மூக்க புடிச்சிகினு கெடக்கணுமா? எங்க நைனா காலத்துலயே இத வெட்டிப் போட்டுருக்கணும். அப்ப வுட்டுட்டாரு. இப்ப எங்க ஊட்டு ஜன்னலக்கூட தொறக்க முடில.”

எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து, இடுப்பில் கைக்குழந்தையுடன் ஒரு இளம் பெண் எழுந்தாள். மதுரைப் பேச்சு. “என் பிள்ளைக்கு ராத்திரியெல்லாம் மூச்சு இழுக்குது அக்கா. பறவை பாவம்னு சொல்றீங்க. இவன் பாவமில்லையா?”

அவளை ஏமாற்ற மனமில்லாமல், “உங்க கஷ்டம் நெஜம்தான்” என்றேன். கார்களின் மேல் வலை கட்டலாம், தினமும் சுண்ணாம்பு போட்டுக் கழுவலாம், பொங்கல் கழிந்து குஞ்சுகள் பறந்தபின் கார்ப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டால் அடுத்த வருடம் கூடுகள் சுவருக்கு அந்தப் பக்கம் நகரும் என்று விளக்கினேன். கத்தல்கள் நடுவே செயலாளர் கையை உயர்த்தி, “செரி, பொங்கல் வரைக்கும் பொறுத்துக்கலாமுங்க” என்றார்.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் பரோட்டா வாங்கிச் சாப்பிட்டோம். கணவர், “மேடம், அடுத்த அப்பாயின்ட்மென்ட் எப்போ?” என்று கேலி செய்தார். அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான். மறுநாளே, கூட்டத்தில் சொன்னதையெல்லாம் அறிக்கையாக எழுதி அனுப்பினேன்.

அடுத்த வாரம் ஒருநாள் காலையில், நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது அந்த மதுரைப் பெண் அழைத்தாள். சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் எண்ணை எடுத்திருந்தாள்.

“அக்கா, மரத்த வெட்டுறாங்க. குஞ்செல்லாம் கீழ விழுகுது. சீக்கிரம் வாங்களேன்.”

அடுப்பை அணைத்தேனா என்பதுகூட நினைவில்லை. குமணன்சாவடி வரைக்கும் வண்டி நகரவே இல்லை. தண்ணீர் லாரிகளுக்கும் கம்பெனிப் பேருந்துகளுக்கும் நடுவே கணவர் ஸ்கூட்டரை நடைபாதை மேல் ஏற்றினார். சந்துக்குள் திரும்பும்போதே மின்ரம்பத்தின் சத்தம் கேட்டது.

மரத்தில் பாதி இல்லை. வெட்டிய கிளைகள் கார்கள் நின்ற இடத்தில் குவிந்து கிடந்தன. இலைகளுக்குள் ஏதோ அசைந்துகொண்டே இருந்தது. தாய்ப்பறவைகள் மேலே வட்டமடித்துக் கத்தின. நான் செயலாளரிடம் ஓடினேன்.

“பொங்கல் வரைக்கும்னு சொன்னீங்களே!”

“வெட்டலீங்களே மேடம். கிளையத்தானுங்க கழிக்கறோம். கிளைய கழிக்கலாம்னு நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?”

“குஞ்சு பறந்தப்புறம்னு எழுதியிருந்தேன் சார். அதே வரியில இருக்கு!”

“ஏனுங்க, ரெண்டும் ஒண்ணுதான. இன்னிக்கி விட்டா ஆள் கெடைக்கமாட்டாங்க.”

அவர் பொய் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு நிஜமாகவே இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது. அதுதான் என்னை உடைத்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம். புரியாதவரிடம் என்ன செய்வது? மரத்தடிக்குப் போய் நின்றுகொண்டேன். மேலே கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தவர் ரம்பத்தை நிறுத்தினார்.

“மேடம், நவுந்துக்கோங்க. பாதி அறுத்தாச்சி. தானா வுழுந்துடும். உங்க மேலதான் வுழும்.”

“அதுல கூடு இருக்குண்ணா!”

“தெரிதும்மா. இன்னா பண்ணச் சொல்ற? அறுத்தத ஒட்டவெக்க முடியுமா?”

கணவர் என் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். கிளை இறங்கியது. கயிற்றில் கட்டித்தான் இறக்கினார்கள். ஆனாலும் தரையைத் தொடுவதற்கு முன்பே கூடுகள் சரிந்து கொட்டிவிட்டன. கொக்குக்கூடு என்பது கோர்த்து வைத்த சுள்ளிகள், அவ்வளவுதான். நான் வாய்விட்டு அழுதேன். பால்கனிகளில் நின்றவர்கள் கைப்பேசியில் படம் எடுத்தார்கள்.

அந்த மதுரைப் பெண்தான் முதலில் நகர்ந்தாள். குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, துணிக்கூடைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு, “எப்படித் தூக்கணும்னு சொல்லுங்க அக்கா” என்றாள். கூர்மையான அலகு, கண்ணருகே கொண்டுபோகாதே என்று சொல்லிக்கொடுத்தேன். மூன்று பேருமாக இலைக்குவியலைக் கிளறினோம். உயிரோடு இருந்தவை ஒரு கூடை. மற்றவற்றை அவள் ஒரு கோணியில் போட்டுக் கட்டினாள்.

வனவிலங்கு மீட்பு உதவி எண்ணில் நன்றாகவே பேசினார்கள். வண்டி நகரத்தின் மறுகோடியில் இருக்கிறது, மாலைக்குள் வந்துவிடும், அதுவரை வெயில் படாமல் வையுங்கள் என்றார்கள். குடியிருப்பில் வைக்க விடவில்லை. ஆட்டோவில் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தோம்.

குஞ்சுகள் பயத்தில் தின்றதையெல்லாம் என் மடியில் கக்கின. பால்கனியில் பழைய போர்வையை விரித்து அவற்றை வைத்தேன். தலையில் முள்போல நின்ற தூவி, பெரிய மஞ்சள் கண்கள். எந்த நிழல் விழுந்தாலும் அம்மா வந்துவிட்டது என்று வாயைத் திறந்தன. கணவர் சந்தைக்குப் போய்ப் பொடி மீன் வாங்கிவந்தார். நேர்முகத் தேர்வுக்கென்று இஸ்திரி போட்டு வைத்திருந்த சட்டையைத்தான் அவசரத்தில் மாட்டிக்கொண்டு போயிருந்தார். அதே சட்டையோடு பால்கனித் தரையில் உட்கார்ந்து, கத்தரிக்கோலால் மீனை நறுக்கி ஊட்டினார்.

விழுந்த அடியில் உள்ளே என்ன முறிந்திருந்ததோ, ஒன்று கழுத்தை மடக்கிப் படுத்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. கீழ்வீட்டிலிருந்து வந்து, “என்ன நாத்தம் இது?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நாலாவதோ ஐந்தாவதோ அவர் கையிலேயே துவண்டபோது கத்தரிக்கோலை வீசி எறிந்தார்.

“இதுக்காக்கும் இருந்த ஒரு வேலையையும் விட்ட? நானும் வீட்ல இருக்கேன். நீ எழுதின லெட்டர வெச்சே இத்தனையையும் கொன்னுட்டாங்க. என்ன வேல இது?”

எனக்கும் அதே கேள்விதான். என் பெயர் போட்ட அறிக்கை இல்லாமலிருந்தால் அவர்கள் தயங்கியிருப்பார்களோ? பொங்கல்வரை மறந்தே போயிருப்பார்களோ? நான் போனதால் நடந்ததா, போகாவிட்டாலும் நடந்திருக்குமா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே வந்தபோது அவர் கத்தரிக்கோலைத் தேடி எடுத்து, கழுவி, மறுபடி நறுக்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் வண்டி வந்தது. எஞ்சியவற்றை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துப்போனார்கள். ஒரு வாரம் கழித்து விசாரித்தேன். சில தேறும் என்றார்கள். அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு நான் சில வாரங்கள் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டேன். அப்போதுதான் ஆவடியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. திருமண மண்டபம் வைத்திருப்பவர். மண்டபத்துப் பின்னால் இருக்கும் அரசமரத்தில் வௌவால்கள், விருந்தாளிகள் முகம் சுளிக்கிறார்கள் என்றார்.

“மரம் வெட்றதுக்கு நீங்க நல்லா லெட்டர் குடுப்பீங்கன்னு குமணன்சாவடில அந்த செகரட்டரி சார்தான் சொன்னாரு.”

நான் செய்த முதல் வேலைக்கு எனக்குக் கிடைத்த நற்சான்று அதுதான். தொடர்பைத் துண்டித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நான் மறுத்தால், இடத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற ஒருவரைத்தான் அவர் அடுத்துக் கூப்பிடுவார் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது.

“எப்போ வரணும்?” என்று கேட்டேன்.

மறுநாள் போனேன். இந்த முறை எதையும் எழுதிக் கொடுக்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னேன். “அப்ப எதுக்கும்மா வந்தே?” என்று அவர் சிரித்தார். சாப்பாட்டுப் பந்தியை மரம் இல்லாத கிழக்குப் பக்கம் மாற்றினால் என்ன என்று கேட்டேன். மாடியில் நின்று இரண்டு மணி நேரம் வாக்குவாதம் செய்தோம். அவர் ஒப்புக்கொள்ளவில்லை, மறுக்கவும் இல்லை. வேலையும் தரவில்லை. அந்த மரம் மட்டும் நின்றது. ஆறு மாதம் கழித்துத் தன் சம்பந்தியின் தோப்பைப் பார்க்கச் சொல்லி அவரே கூப்பிட்டார்.

கணவருக்கு அந்த வருடக் கடைசியில், முன்பைவிடச் சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. எனக்கு இன்றைக்கும் வருகிற அழைப்புகளில் பாதி, வெட்டலாம் என்று சொல்லச் சொல்லித்தான் வருகின்றன. போகிறேன். சில மரங்கள் நிற்கின்றன. பல போய்விடுகின்றன. குமணன்சாவடியில் அந்த மரம் ஒரு பக்கமாகத் தழைத்திருப்பதாக மதுரைப் பெண் எப்போதாவது செய்தி அனுப்புவாள். கொக்குகள் திரும்பி வரவில்லை. அவள் பையனுக்கு மூச்சிழுப்பு இன்னும் போகவில்லை.