பெருக்குத் தண்ணீரில் அண்ணா கைவிட்ட சைக்கிள்

அண்ணா பிறந்தது திருகோணமலையில், அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில். கண்ணை மூடியது ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட்டில் உள்ள எங்கள் வீடுகளிலிருந்து அதிகம் தள்ளியில்லாத ஒரு வைத்தியசாலையில். இடையில் அவர் வாழ்ந்த ஐம்பத்து நான்கு வருடங்களைப் பற்றி இந்த நினைவு மலரில் பலரும் நல்லபடி எழுதியிருக்கிறார்கள். எல்லாம் உண்மை. ஆனால் நம் உறவுகளுக்குள் அவரைப் பற்றி ஒரு பொய்யும் உலவுகிறது. "சைக்கிள் பைத்தியத்தாலை மருமகளின்ரை சாமத்தியச் சடங்குக்கே பிந்திப் போன மாமன்" என்கிறார்களே, அதுதான். அந்தப் பொய்க்குக் காரணமானவள் நான். அவருடைய முதலாம் ஆண்டு ஆட்டைத் திவசத்துக்கு வரும் உங்கள் எல்லோருடைய கையிலும் திருத்தம் கிடைக்க வேண்டும் என்றுதான் பேனையை எடுத்தேன்.

அப்பா போனபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது, எனக்குப் பன்னிரண்டு, தங்கை வசந்திக்கு ஐந்து. அன்றிலிருந்து அவளுக்கு அப்பாவும் அண்ணாதான். எண்பதுகளில் நோர்வேக்கு வந்து, ஹம்மர்பெஸ்ட்டில் மீன் பதனிடும் தொழிற்சாலையில் விரல் விறைக்க விறைக்க நின்று, எங்கள் இருவரையும் கரை சேர்த்தார். வசந்தியை இங்கிலாந்தில் கட்டிக்கொடுத்த பிறகுதான் தனக்கென்று ஒரு வாழ்க்கையைப் பற்றி யோசித்தார். அண்ணியைக் கட்டிக்கொண்டு ஒஸ்லோவுக்கு வந்து பஸ் கழுவும் வேலையில் சேர்ந்தார். வந்த முதல் கோடையிலேயே பழைய சைக்கிள் ஒன்றை வாங்கி, பின் சில்லின் இரண்டு பக்கமும் பைகளைக் கட்டிக்கொண்டு துரொண்ட்ஹெய்ம் வரை போய் வந்தார். அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். எனக்கோ அந்த வியாதி தொற்றிவிட்டது.

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு கோடையில் வசந்தியின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன்தான் பிள்ளையின் தலையில் பால் அறுகு வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டும், மாமன் கொண்டுவரும் சேலையைத்தான் பிள்ளை உடுக்க வேண்டும். அண்ணா கொழும்பிலிருந்து மாம்பழ நிறப் பட்டு ஒன்றை வரவழைத்து வைத்திருந்தார். அண்ணிக்கு வயோதிபர் இல்லத்தில் வார இறுதி வேலை, லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவரும் போவதென்று முடிவாயிற்று. எப்படிப் போவது என்பதில்தான் சண்டை.

"அண்ணா, பிளேனிலை வாங்கோ. மாமன் சைக்கிளிலை வந்து இறங்கினா என்ரை மாமியாக்கள் என்ன சொல்லுவினம்?" என்று வசந்தி ரெலிபோனில் அழாத குறை.

"ஒண்டும் சொல்லமாட்டினம். நேரத்துக்கு வந்து நிப்பன். உன்ரை பிள்ளைக்கு நான்தான் முதல் தண்ணி வார்ப்பன், போதுமே?"

அந்த வாக்கைக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினார். டென்மார்க் வரை போய், அங்கிருந்து கப்பலேறி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இறங்கினோம். மூன்று நாட்கள் கடலோரச் சதுப்பு நிலங்கள் வழியே சைக்கிள் ஓடினோம். ஒரு பக்கம் உப்பு மணக்கும் சேறும் புல்லும், மறுபக்கம் மாடு மேயும் தரை, நடுவில் கடலைத் தடுக்கக் கட்டிய மண் அணையின் மேல் நாங்கள். சேற்றில் சரிந்து கிடந்த படகுகளைப் பார்த்து அண்ணா, "உதுகளைக் கரையிலை இழுத்து விடக்கூட ஆள் இல்லைப் போல" என்று சிரித்தார். அவை ஏன் அப்படிக் கிடக்கின்றன என்று நாங்கள் இருவரும் ஒரு கணமும் யோசிக்கவில்லை. திருகோணமலைக் கடல் வற்றினாலும் பெருகினாலும் ஒரு முழம். கடலுக்குப் பக்கத்தில் பிறந்த எங்களுக்குக் கடலைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர் வேறு.

சடங்குக்கு முதல் நாள் ஒரு சிறிய தீவில் கூடாரம் அடித்தோம். தீவையும் நிலத்தையும் இணைப்பது சதுப்புக்கு நடுவே போகும் தாழ்வான ஒரே ஒரு ரோடு. அதைத் தாண்டினால் சடங்கு மண்டபத்துக்கு நாற்பது கிலோமீற்றர். தண்ணீர் வார்க்கும் நல்ல நேரம் பன்னிரண்டரையிலிருந்து ஒன்றரை வரை. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் அண்ணா பைகளைக் கட்டி, சைக்கிளில் ஏறிவிட்டார்.

நான் விடவில்லை. "அண்ணா, இறங்குங்கோ. ராகுகாலம் துவங்கீட்டுது. பத்தரை வரைக்கும் கிளம்பேலாது" என்றேன்.

"லண்டன் ராகுவுக்கு ஆர் மணிக்கூடு கட்டிவிட்டது? வா பிள்ளை."

"நல்ல காரியத்துக்குப் போறம். அந்தப் பிள்ளைக்கு ஏதும் வந்தா நான்தான் பேச்சுக் கேக்கவேண்டி வரும்" என்று சைக்கிள் கைபிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பிடிவாதம் வந்தால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அண்ணா பெருமூச்சு விட்டு இறங்கினார். சேலையைப் பொலித்தீனில் இன்னொரு தரம் சுற்றிப் பைக்குள் வைத்தார். ஒன்றரை மணித்தியாலம் புல்லில் உட்கார்ந்திருந்தோம். பஞ்சாங்கத்தில் அந்த நாளின் ராகுகாலம் பார்த்தேன், எமகண்டம் பார்த்தேன், முந்திய நாள் பௌர்ணமி என்றும் பார்த்தேன். பௌர்ணமியை ஒட்டி அந்தக் கரையில் கடல் பெருக்கு எவ்வளவு ஏறும் என்று மட்டும் பார்க்கவில்லை.

பதினொன்றேகாலுக்கு அந்த ரோட்டுக்கு வந்தபோது ரோட்டைக் காணவில்லை. இரண்டு பக்கமும் இருந்த புல்லெல்லாம் முங்கி, சாம்பல் நிறத் தண்ணீர் குறுக்கே சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கார்கள் வரிசையாக நின்றன. காரிலிருந்து இறங்கிய ஒரு கிழவர், இரண்டரை மணித்தியாலம் பொறுத்தால் வற்றிவிடும், இறங்க வேண்டாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அண்ணா மணிக்கூட்டைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "இரண்டரை மணித்தியாலம் நிண்டா எல்லாம் முடிஞ்சுது. ரோட்டோரக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு என்ரை பின்னாலை வா" என்றார். சப்பாத்தைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி இறங்கினார்.

முதலில் கணுக்கால். பாதித் தூரத்தில் முழங்கால். கோடை என்று பேர், தண்ணீர் ஐஸ். காலுக்கடியில் ரோடு தெரியவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன், பின்னாலும் அதே தூரம். கிழவர் கரையில் நின்று ஏதோ கத்துவது கேட்டது. ஐயோ, என்ன வேலை செய்தேன் என்று நினைத்த அந்த நேரம் கால் வழுக்கியது. சைக்கிள் என் மேல் சாய, தண்ணீர் என்னைக் கம்பிக்கு அடியால் சதுப்புப் பக்கம் இழுத்தது. வாய்க்குள் உப்பு. "அண்ணா!" என்று ஒரு தரம்தான் கத்த முடிந்தது.

அவர் தன் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டார். சேலை இருந்த பையோடு அது தண்ணீருக்குள் சரிந்தது. இரண்டு கையாலும் என் மேற்சட்டையைப் பிடித்து இழுத்து, கம்பியோடு சேர்த்து நிறுத்தி, "மூச்சு விடு. ஒண்டுமில்லை. மூச்சு விடு" என்றார். என்னை நிலைப்படுத்திய பிறகுதான் சைக்கிள்களைத் துழாவி எடுத்தார்.

அக்கரையில் பையைத் திறந்தால் பொலித்தீனுக்குள் சேறும் தண்ணீரும். மாம்பழ நிறம் போன இடம் தெரியவில்லை. அதைப் பிழிந்து திரும்பவும் சுற்றி வைத்துவிட்டுச் சைக்கிளில் ஏறினார். மேட்டில் ஏறும்போதே மணி பன்னிரண்டு. அங்கிருந்து ரோடு ஏறுவதும் இறங்குவதும்தான். கோதுமை வயல், வேலிச் செடி, ஒரு தேவாலயம், திரும்பவும் ஏற்றம். மற்ற நாள் என்றால் நின்று படம் எடுக்கும் இடங்கள். செயினுக்குள் போன மணல் ஒவ்வொரு மிதிக்கும் அரைத்தது. ஏற்றத்தில் அண்ணா மார்பைப் பிடித்துக்கொண்டதை நான் கண்டேன். "நில்லுங்கோ" என்றேன். நிற்கவில்லை. ஒன்றரை மணி ஒரு குன்றின் பாதியில் ஆனது. அப்போதும் அவர் மிதித்துக்கொண்டுதான் இருந்தார்.

மண்டபத்துக்குள் போனபோது இரண்டரை. வசந்தியின் மைத்துனர் தண்ணீர் வார்த்து முடித்திருந்தார், பிள்ளை வேறு சேலையில் மேடையில் இருந்தாள். அண்ணா சேற்றுக் காலோடு வாசலில் நின்றார். வசந்தி வந்தாள்.

"மாமன் இல்லாத பிள்ளையோ என்ரை பிள்ளை? இத்தனை சனத்துக்கு முன்னாலை என்னை அநாதையாக்கிப் போட்டியளே அண்ணா!"

நான் வாயைத் திறந்தேன். அண்ணா முந்திக்கொண்டார். "என்ரை பிழைதான். நேரத்துக்குக் கிளம்பேல்லை."

"இனி எனக்கு அண்ணன் இல்லை" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

வெளியே குழாயடியில் கால் கழுவும்போது, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று அழுதேன். "நீ வாய் திறக்காதை" என்றார். "அவளின்ரை கோவம் உனக்குத் தெரியும்தானே. எங்கள் ரெண்டு பேரிலை ஒராளாவது அவளுக்கு மிஞ்ச வேணும்."

நானும் திறக்கவில்லை. அண்ணா சொன்னார் என்பது ஒரு சாட்டு. உண்மையில் எனக்குப் பயம். நான்கு வருடம் வசந்தி என்னோடு கதைத்தாள், அண்ணாவோடு கதைக்கவில்லை. நத்தாருக்கும் பொங்கலுக்கும் அவர் எடுத்த ரெலிபோனை அவள் வைத்துவிடுவாள். அவர் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்தபோது, "இப்பவாவது சொல்லட்டே?" என்று கேட்டேன். "வருத்தக்காரன் எண்டு இரங்கிக் கதைக்க வேண்டாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். செத்த வீட்டுக்கு வசந்தி வந்து அவருடைய காலைக் கட்டிக்கொண்டு கிடந்தாள். அப்போதும் நான் கல்லுப் போல நின்றேன். இதைவிட வெட்கம் எனக்கு வேறில்லை.

கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் பார்த்த தாதிமாருக்கும், துரொண்ட்ஹெய்மிலிருந்து காரில் வந்து தோள் கொடுத்த நண்பர்களுக்கும், முப்பத்தொரு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு மூட்ட விடாத எல்லிங்ஸ்ருட் அயலவர்களுக்கும், பாடையோடு சைக்கிளை உருட்டி வந்த அண்ணாவின் நோர்வே நாட்டுத் தோழர்களுக்கும், அண்ணியும் பிள்ளைகளும் நானும் கடமைப்பட்டிருக்கிறோம். யாரையாவது விட்டிருந்தால் என் மறதி என்று கொள்ளுங்கள்.

அச்சுக்குக் கொடுக்க முன் இதை வசந்திக்கு ரெலிபோனில் வாசித்துக் காட்டினேன். முடியும் வரை கேட்டாள். பிறகு சொன்னாள்: "நாலு வருசம் அக்கா. நாலு வருசம் என்னை அவரோடை கோவிக்க விட்டிட்டு, அவருக்குப் பக்கத்திலை இருந்துகொண்டே என்னோடை கதைச்சுக்கொண்டு இருந்தனி." வைத்துவிட்டாள். அதன் பிறகு நான் எடுத்தாலும் எடுக்கிறாளில்லை.

வசந்தி, திவசத்துக்கு வா. என்னோடை கதைக்க வேண்டாம். அண்ணாவோடை கதைக்க வா.