குடைவெட்டுப் புகைக்குழாய்

சாக்பீஸைக் காதோரம் செருகிக்கொண்டு, தகரத்தின் மேல் குனிந்து ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள் சிசிலி. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் கழித்துப்போட்ட புகைக்குழாயைப் பிரித்து, தட்டி நிமிர்த்திய தகரம் அது. அதில் பெரிதாய் ஒரு வில், அதற்குள் சின்னதாய் இன்னொரு வில். குடைவெட்டுப் பாவாடை தைத்த எவளுக்கும் அந்தக் கோடு புரியும். வெட்டிச் சுருட்டினால் கூம்பு.

"சர்ச்சுப் பெருநாளைக்குப் போட சட்டத்துணி குடுத்தா, நீ இஞ்சினுக்குக் கழுத்து வெட்டுறே!" வாசலில் நின்று சண்டைக்கு வருகிறாள், தைக்கத் துணி கொடுத்திருந்த ஜோமோள்.

"பெருநாளு ஞாயித்துக்கிழமைதான? அதுக்குள்ள ஒன் சட்டையும் முடியும், எம் பம்பும் பாடும். சும்மா நிக்காம அந்த ஓரத்தப் புடி."

போடிமெட்டுக்குக் கீழே, எஸ்டேட் பாதையில் இருக்கிறது கடை. பாதி தையல், பாதி பம்பு ரிப்பேர். நூல்கண்டுகளோடு ஸ்பார்க் பிளக்குகளும் ஒரே டப்பாவில் கிடக்கும். அவள் தைத்த ஜாக்கெட்டில் மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும் என்பார்கள். அளவில் குறை சொன்னவர்கள் இல்லை. துணி வெட்டும் கத்தரிக்கோல் மட்டும் தனி. காகிதம் வெட்டக்கூட யாருக்கும் தரமாட்டாள். வீட்டுக்காரர் இன்னாசிராஜை நம்பாமல், வெளியே போகும்போது துணியுறையில் போட்டு இடுப்பிலேயே செருகிக்கொள்வாள்.

வெட்டுமேசையில் துணி பறக்காமல் அழுத்தி இருப்பது அவள் பம்பு இஞ்சினின் செத்த சிலிண்டர். போன கோடையில் அவளே கொன்றது. புகை சீக்கிரம் வெளியேறினால் இஞ்சின் வேகம் எடுக்கும் என்று, சிலிண்டர் சுவரில் புகை போகும் ஓட்டையை அரம் போட்டு அகலமாக்கினாள். அகலம் மிஞ்சிப்போனது, ஓரத்தை மழுக்கவும் இல்லை. பிஸ்டன் வளையம் அந்த ஓட்டையில் மாட்டித் துண்டாகி, உள்சுவரெல்லாம் கீறல்.

"துணிய வெட்டுறவளுக்குத் தெரியாதா? தையலுக்கு விட்டுத்தான வெட்டணும்! அரத்தக் கையில எடுத்ததும் மறந்துட்டேன்" என்பாள். சொல்லும்போது முகம் சுருங்காது. கை மட்டும் அந்தச் சிலிண்டரைத் தட்டும்.

அந்த மாடல் பம்பு இப்போது வருவதில்லை. போடிநாயக்கனூர்ப் பழைய இரும்புக் கடைகளை அலசியதில் கிடைத்தது ஒரே ஒரு சிலிண்டர். அதுவும் போனால் பம்பு போச்சு. பம்பு போனால் அவர்களுடைய அரை ஏக்கர் ஏலத்தோட்டம் போச்சு. மழை ஏமாற்றிவிட்டது, இலைகள் சுருண்டு தொங்குகின்றன. தண்ணீர் கீழே ஓடையில். அது ஏற வேண்டிய படுதாக்குளம், குழிவெட்டித் தார்ப்பாய் விரித்தது, சரிவின் உச்சியில். பலாமரம் வரை ஏறும் தண்ணீர், அங்கே நின்றுவிடுகிறது. அந்தச் சரிவுக்குக் கரண்டும் வராது. தோளில் தூக்கி இறக்க முடிகிற பம்பு இது ஒன்றுதான்.

"இருக்கிறத வச்சுப் பலா வரைக்கும் நனைப்போம். இருக்கிற ஒண்ணையும் நோண்டாத தாயி" என்றார் இன்னாசிராஜ்.

"பாதிக் கைக்குச் சட்ட தச்சாப் போதும்ங்கிறீங்க" என்றாள்.

இந்தத் தடவை ஓட்டையில் அரம் பட்டது நகக்கண் உயரம்தான். அகலத்தைத் தொடவில்லை. ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து, நைலான் துணியை ஓடவிட்டுப் பார்த்தாள். ஒரு இழைகூட மாட்டவில்லை. மீதி வேலையைக் குழாய் பார்த்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு.

"புகை வெளிய ஓடயில, எரியாத புது கேஸும் கூடவே ஓடிருது. குழா விரிஞ்சா இழுக்கும், சுருங்குனா திருப்பித் தள்ளும். எஸ்டேட் கேட்ல நிக்கிற சூப்பர்வைசர் கணக்கா, 'வேல முடியல, உள்ள போ'ன்னு" என்று ஜோமோளுக்கு விளக்கம். "அது ஒரு வேகத்துக்குத்தான் பலிக்கும். பைக்குன்னா ஏத்தம் எறக்கம் உண்டு. பம்புக்கு என்ன? நாள் பூரா ஒரே ஓட்டம்."

குழாயின் எந்த நீளத்துக்கு எந்த வேகம் என்பதுதான் தெரியாது. அதனால் கூம்புகளை ஒட்டவைத்த குழாயை, இஞ்சினிலிருந்து வரும் குழாய்மேல் முன்னும் பின்னும் நகரும்படி விட்டிருந்தாள். தையலுக்கு விட்ட துணி மாதிரி.

சனிக்கிழமை காலை ஓடைக்கரை. "ஏட்டி, கோயில் ஆர்கனக் கழட்டிட்டு வந்தியா?" என்று கேட்டுக்கொண்டே இன்னாசிராஜ் மேலே ஏறினார். பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினாள். பம்பு கரகரத்தது. தண்ணீர் பலாமரத்தைத் தாண்டவில்லை.

நிறுத்தினாள். ஈரச்சாக்கால் பிடித்துக் குழாயை ஒரு விரல் உள்ளே தள்ளி முடுக்கினாள். பலாவைத் தாண்டி, பாறைவரை. மறுபடி ஒரு விரல். பாறைக்கு மேல். "போதும்ட்டி!" என்று மேலேயிருந்து சத்தம். காதில் வாங்காமல் இன்னொரு விரல் தள்ளினாள்.

கரகரப்பு சட்டென்று அறுந்து, இழுத்துக் கட்டிய கம்பி போல் ஒரே சுருதி. ஹோஸ் விறைத்துத் துடித்தது. கொஞ்ச நேரம் எதுவும் இல்லை. பிறகு தார்ப்பாயில் தண்ணீர் விழும் சடசடப்பு, அதற்கும் மேலே இன்னாசிராஜின் குரல்: "வந்துருச்சு! சிசிலி, வந்துருச்சுட்டி!"

அவள் மேலே பார்க்கவில்லை. சாக்பீஸை எடுத்து, குழாய் நின்ற அளவைக் குறிக்க இணைப்பில் கோடு போட்டாள். எண்ணெய்ப் பிசுக்கில் அது பதியவில்லை. இன்னொரு தடவை, அதுவும் வழுக்கியது. இடுப்புக்குக் கை போனது. உறையிலிருந்து கத்தரிக்கோலை உருவி, அதன் முனையை அழுத்தி, சூடான இரும்பில் ஆழமாகக் கீறினாள்.