இருசம்மாள் கழுவிய பீப்பாய்

பழவேற்காட்டு மணலில் ஒருவன் மலை கட்டினான் என்றால் இன்று யாரும் நம்பமாட்டார்கள். டச்சுக்காரர்கள் கோட்டையில் இருந்த காலத்தில், ஏரி முகத்துவாரத்துக்குத் தெற்கே இருந்த குப்பத்து ஜனங்கள் ஓராண்டு முழுக்க அதைத்தான் கட்டினார்கள். இருசம்மாள் அதில் மண் சுமந்தவள். அவள் புருஷன் சின்னதம்பி கல் அடுக்கியவன்.

கட்டச் சொன்னவன் யோஸ்ட். கோட்டையின் சாராயக் கிடங்கு அவன் பொறுப்பில் இருந்தது. குப்பத்தில் அவனை யோசு துரை என்பார்கள். டச்சுக்காரன் அல்ல, ஆல்ப்ஸ் மலைகளுக்கு நடுவே ஒரு குறுகிய பள்ளத்தாக்கில் பிறந்து, கூலிச் சிப்பாயாகக் கப்பலேறியவன். அவன் ஊரில் திராட்சைக்குச் சமநிலம் கிடையாது. நிமிர்ந்து நின்றால் எதிரிலிருக்கும் மண் நெஞ்சில் இடிக்கும், அவ்வளவு செங்குத்து. அந்தச் சரிவில் சுண்ணாம்பு வைக்காமல் கற்களைப் படிபடியாகச் சுவராக அடுக்கி, படிக்குப் படி மண் நிரப்பிக் கொடி நடுவார்கள். உருகும் பனியின் நீரை மரக்கால்வாயில் இழுத்து வந்து பாய்ச்சுவார்கள். மழையில் மண்ணெல்லாம் அடிவாரத்துக்கு இறங்கிவிடும். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி மறுபடி உச்சிக்குக் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அப்படி விளைந்த ஒயினில் நனைந்த கல்லின் வாசனை இருக்கும் என்பான் அவன்.

கப்பலில் வரும் ஒயின் பாதி வழியில் கெட்டுவிடுகிறது, இங்கேயே விளைவித்துத் தருகிறேன் என்று சொல்லிக் கோட்டைப் பெரியவரிடம் அனுமதி வாங்கினான். கொடித் துண்டுகள் அவன் ஊரிலிருந்து ஈரப்பாசியில் சுற்றப்பட்டு வந்தன. சரிவு இல்லாத இடத்தில் அவற்றை நட அவனுக்கு மனம் வரவில்லை. கப்பல்கள் ஆடாமலிருக்க அடிபாரமாக ஏற்றி வந்து கரையில் தள்ளிய கற்களைக் கொண்டு ஒரு மணல்மேட்டை, அவன் ஊரில் வெயில் படும் பக்கமான தென்முகமாக, உயர்த்தச் சொன்னான். உச்சந்தலையில் வெயில் இறங்கும் ஊரில் தென்முகம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கூலியாக அரிசி கிடைத்தது. மீன்பாடு இல்லாத மாதங்களில் அது போதும்.

முதல் ஐப்பசியில் மழை விடாமல் பெய்தபோது சுவர் மணலோடு சரிந்தது. கீழ்ப்படியில் நின்ற சின்னதம்பி இடுப்பு வரை புதைந்தான். கால்மேல் கல். உயிர் இருந்தது, பேச்சும் இருந்தது. அருகில் நின்றவர்களை, மேலே இன்னொரு சுவர் சாய்ந்து நிற்கிறது, ஜாக்கிரதை என்று எச்சரிக்கும் அளவுக்கு நிதானமும் இருந்தது. யோஸ்ட் ஓடி வந்தான். துளிர்விட்டிருந்த கொடிகள் சிலவும் மண்ணுக்குள் போயிருந்தன. அவன் தன் பாஷையில் ஏதோ கத்த, கோட்டை துபாஷி ஆபிரகாம் கூலிகளைப் பார்த்து அதைத் தமிழில் தாழ்ந்த குரலில் சொன்னான்.

“கொடிய மொதல்ல எடுக்கச் சொல்றாரு. ஆளு தாங்குவான், கொடி தாங்காதாம்.”

எடுத்தார்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போது மேல்சுவர் வந்தது. காலிக் கூடையோடு கீழே நின்ற இருசம்மாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் அவள் மறுபடி மண் சுமக்கப் போனாள். குப்பமே வாயில் கைவைத்தது. சின்னதம்பியின் தங்கை லோகாம்பாள் வழியை மறித்து நின்றாள்.

“இன்னா அண்ணி, வேற பொழப்பே இல்லியா ஒனக்கு? எங்கண்ணன் செத்த எடத்துல மண்ணு வாரிக் கொட்டிட்டு வந்து துண்றியே, சோறு எறங்குதா?”

“எறங்குது,” என்றாள் இருசம்மாள். “நீ போயி வலையக் காயப்போடு.”

கொடிகளின் வேரை அறுத்துவிட்டுப் போகலாம் என்றுதான் அவளும் முதலில் நினைத்தாள். ஆனால் அறுத்தால் அடுத்த கப்பலில் வேறு துண்டு வரும். அவனுக்குத் திரும்பக் கிடைக்கவே முடியாதது எது என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது. அது தெரியும்வரை மண் சுமப்பது என்று வைத்துக்கொண்டாள்.

அவனே வாய்விட்டுச் சொன்னான். மழை கரைத்த மண்ணை முணுமுணுக்காமல் மேலே கொண்டுவந்து கொட்டுகிற ஒருத்தி அவள்தான். அவளைப் பார்த்தால் தன் தாயைப் பார்ப்பதுபோல இருக்கிறது என்று ஆபிரகாமிடம் சொல்லியிருக்கிறான். தமிழ் கொஞ்சம் பழகியதும் நிழலில் உட்கார்ந்து அவளிடம் ஊர்க்கதை பேசினான். அவர்கள் வீட்டு நிலவறையில் ஒரு பெரிய பீப்பாய் உண்டு. பாட்டன், முப்பாட்டன் காலத்திலிருந்து அது காலியானதே இல்லை. ஆண்டுக்காண்டு கொஞ்சம் எடுப்பார்கள், எடுத்த அளவுக்குப் புது ஒயினை ஊற்றுவார்கள். அதனால் முதன்முதலில் ஊற்றியவரின் ஒயினும் துளியாவது இன்னும் அதில் இருக்கிறது. வெளியூர் போன மகன் திரும்பும்போது தன் கையால் விளைந்ததை ஒரு சிறு பீப்பாயில் அடைத்துக் கொண்டுவந்து, அடைத்தபின் வாயில் வைக்காமல் அதில் ஊற்ற வேண்டும். திறந்து வாய்வைத்த பீப்பாயை முன்னோருக்கு ஊற்றுவது அங்கே அவமரியாதை. இந்த மேட்டில் விளையப்போவது அதற்காகத்தான் என்றான்.

இருசம்மாள் கேட்டுக்கொண்டே கூடையைக் கட்டினாள். அவள் தாய்வீட்டில் கிளிஞ்சல் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்துப் பனையேறிகளுக்கு விற்பார்கள். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள், விட்டுவைத்தால் புளித்துக் காடி. காடி இருந்த பானையை எத்தனை தேய்த்துக் கழுவினாலும் அதில் ஊற்றுவது மறுபடி காடியாகும். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து வேறொரு பானையில் விட்டால் அதுவும் ஆகும். சின்னப் பெண்ணாக இருக்கையில் அவளே அப்படி ஒரு பனையேறியின் பானைகளைக் கெடுத்து அடி வாங்கியிருக்கிறாள்.

அன்றிலிருந்து அந்தக் கொடிகள் பிழைக்க வேண்டும் என்று அவளைப்போல விரும்பியவர் யோஸ்ட்கூட இல்லை. விலைபோகாத மீனை நல்ல தண்ணீரில் அலசி உப்புப் போக்கி வேரடியில் புதைத்தாள். மணலில் ஊற்று தோண்டி நல்ல தண்ணீர் எடுத்து ஊற்றினாள். ஆடுகளை விரட்டினாள், இலைப்புழுவைப் பொறுக்கினாள். பெற்ற பிள்ளைகளைக்கூட இப்படிப் பார்த்தவளில்லை என்று லோகாம்பாள் ஊரெல்லாம் சொன்னாள். கொடியில் காய் பிடித்தது. சில ஆண்டுகளில் ஒரு சிறு பீப்பாய்க்குக் காணும் அளவுக்குக் குலைகள் தொங்கின. அப்போது யோஸ்டுக்கு ஊர் திரும்ப உத்தரவும் வந்தது.

பழத்தை மிதித்துத் தொட்டியில் நுரைக்கவிட்டு, தெளிந்ததும் ஒரு வாய் குடித்துப் பார்த்தான். எங்க ஊரு, என்று மட்டும் சொன்னான். பீப்பாயைக் கழுவ அவளைத் தவிர வேறு யாரையும் விடவில்லை.

அவள் பனையேறிகளிடம் காடி வாங்கித் தண்ணீர்ப் பானையில் கொண்டுவந்தாள். பீப்பாய் நிறைய ஊற்றி, மரம் குடிக்கும்வரை விட்டுவைத்தாள். பிறகு ஊற்றுநீரால் கழுவிக் காற்றில் வைத்து, வாசனை அடியோடு போகும்வரை மறுபடி மறுபடி கழுவினாள். யோஸ்ட் மூக்கை நுழைத்து முகர்ந்து பார்த்துத் தலையசைத்தான். நிரப்பி, மூடியை அடித்து, மெழுகு ஊற்றினான்.

அதன்பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இது அவன் ஊரில், அவன் கையால் நடக்கும். யார் செய்தது, யாருக்காகச் செய்தது என்று அவனுக்குத் தெரியவே தெரியாது. சொல்லிவிட்டால் தெரியும். ஆனால் இங்கேயே மணலில் கொட்டிவிடுவான், முப்பாட்டன் பீப்பாய் தப்பிவிடும். இரண்டில் ஒன்றுதான் அவளுக்குக் கிடைக்கும். நாலு நாள் அது அவளை அரித்தது. கடைசியில் அதை அவன் வாயில் விட்டுவிட்டாள். அன்று செத்தது யார் என்று அவள் கேட்கும்போது அவன் சின்னதம்பியின் பெயரைச் சொன்னால், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. அதற்குமேல் அவன் கொட்டிக்கொள்ளட்டும், சவுக்கால் அடிக்கட்டும்.

கப்பல் தூரத்தில் நின்றது. கயிறு கொண்டு தைத்த படகு கரையில் காத்திருந்தது. படகு இறங்குகையில் கைம்பெண் எதிரே நிற்கக் கூடாது என்பது குப்பத்து வழக்கம். அன்று போகிறவன் துரை என்பதால் யாரும் அவளை விலகச் சொல்லவில்லை. யோஸ்ட் அவள் கையைப் பிடித்து, மேடும் கொடியும் இனி அவளுக்குத்தான் என்றான்.

“தொர, ஒண்ணு கேக்கறேன். அந்த மழையில செவுரு வுழுந்துச்சே, அப்ப செத்தது யாரு?”

அவன் உண்மையாகவே யோசித்தான். “நாலு,” என்றான். “மேல் படி ரெண்டு, கீழ் படி ரெண்டு. நல்ல கொடி.”

“கொடி இல்ல. ஆளு.”

“ஆளு.” அவன் முகம் வாடியது. “ஆமா, ஒரு ஆளு. பாவம்.”

“பேரு?”

அவன் ஆபிரகாமைப் பார்த்தான். ஆபிரகாம் மணலைப் பார்த்தான்.

இருசம்மாள் குனிந்து பீப்பாயைத் தானே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். அலை வரும்போது நின்று, வடிந்ததும் நடந்து, ஒரு துளி உப்புநீர் படாமல் படகில் ஏற்றினாள். படகுக்காரன் செங்கல்வராயன் கட்டிய முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, அவிழ்த்து மறுபடி கட்டச் சொன்னாள். வெயில் தாக்காமல் ஈரச்சாக்கு போர்த்தச் சொன்னாள்.

“இன்னா அண்ணி, தொர சாராயத்து மேல இம்மாங் கரிசனம்?” என்று அவன் சிரித்தான்.

“அலையில கவுத்துத் தொலைச்சிடாத,” என்றாள் இருசம்மாள். “அது பத்தரமா ஊடு போயிச் சேரணும்.”