முதல் வணக்கம் சொன்னது யார்?

எங்கள் வானொலி நிலையத்தின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "ஆரம்பத்துலேருந்து இருக்கிறவங்க நீங்கதான், எழுதிடுங்க" என்றார் நிலைய அதிகாரி. நான் நிரந்தர ஊழியர் இல்லை. மாதத்தில் ஆறு நாள் கூப்பிடுவார்கள். பாலக்கோட்டிலிருந்து பஸ் ஏறி வந்து அறிவிப்புச் செய்துவிட்டுப் போவேன். ஆனாலும் மறுக்கவில்லை. முதல் நாள் காலை, முதல் ஒலிபரப்பில், நேயர்களுக்கு வணக்கம் சொன்னதே நான்தான். இதைத் தக்காளி மண்டிக்காரர் முதல் என் சம்பந்தி வரை எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். கேட்டுக் கேட்டு அவர்களுக்குக் காது புளித்திருக்கும்.

ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அந்த முதல் நாள் ஒலிப்பதிவைத் தன் வீட்டு அலமாரியிலிருந்து தேடி எடுத்து வந்தார். கேசட் ஓடியது. கரகரப்புக்கு நடுவே ஓர் இளம்பெண் "வணக்கம்" என்றாள். நான் சிரித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"இது நீங்க இல்லீங்களே" என்றார் பொறியாளர். "பொம்மிடியிலேருந்து ரயில்ல உங்களை மாதிரியே அறிவிப்புச் செய்ய ஒரு அம்மா வருவாங்களே, அவங்க குரலுங்க."

மறுபடி போடச் சொன்னேன். ஐந்து தடவை கேட்டேன். ஒரு தடவை நான்தான் போலிருந்தது, அடுத்த தடவை யாரோ போலிருந்தது. என் குரல் எனக்கே தெரியவில்லை என்றால் வெட்கக்கேடு இல்லையா? அன்று கட்டியிருந்த பச்சைப் புடவை, மைக்குக்கு முன்னால் வறண்டுபோன தொண்டை எல்லாம் நினைவிருக்கிறது. ஆனால் அது முதல் நாளா, இரண்டாம் நாளா?

அந்த அம்மாவையே போனில் பிடித்தேன். "நான்தாங்க சொன்னேன்" என்றார் பட்டென்று. பிறகு, "நான்தானுங்களே? அன்னைக்கு நீங்களும் இருந்தீங்க இல்ல?" என்று என்னையே கேட்டார்.

பழைய பதிவேட்டைப் புரட்டினோம். அறிவிப்பாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தற்காலிகம்' என்று மட்டும் இருந்தது. எங்களைப் போன்றவர்களுக்குப் பெயர் எழுதும் வழக்கம் அப்போது இல்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

என் பெயரை எழுதக் கை வரவில்லை. அவர் பெயரை எழுத மனசு வரவில்லை. கடைசியில், 'முதல் வணக்கத்தைச் சொன்னவர் ஒரு தற்காலிக அறிவிப்பாளர்' என்று எழுதிக் கொடுத்தேன். "ஒரு வம்பும் இல்லீங்க" என்று அதிகாரிக்குத் திருப்தி. ஒலிபரப்பில் வாசிக்கவும் என்னையே கூப்பிட்டார்கள். அந்த வரியில் அழுகை முட்டியது. விழுங்கிவிட்டு வாசித்து முடித்தேன்.

அன்று மாலை பொம்மிடி அம்மா கூப்பிட்டார். "வூட்டுல எல்லாரும் கேட்டோமுங்க. அந்தத் தற்காலிக அறிவிப்பாளர் நீங்கதானா அத்தைன்னு மருமக என்னைக் கேக்குறா. என்னன்னு சொல்லட்டும்?"

"நீங்கதான்னு சொல்லுங்க" என்றேன்.

விட்டுக்கொடுத்தேனா, உண்மையைச் சொன்னேனா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.