விசில் கோஷ்டிக்கு ஒரு பனியன்

சாயங்காலம் அடுப்படிக் கதவைச் சாத்தினால் எனக்கு அரை மணி நேரம் கிடைக்கும். தாளிக்கிற நெடி மாமனாருக்கு ஆகாது, இருமுவார். அந்தச் சாக்கில் கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் பேசிப் பதிவு செய்வேன். முந்தின நாள் மாமியாரோடு உட்கார்ந்து பார்த்த சீரியலை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கிண்டல் செய்கிற பேச்சு. முகம் கிடையாது, பெயர் கிடையாது, குரல் மட்டும்தான். நடுவில் குக்கர் விசிலடிக்கும். "பொறுங்க, பருப்பு கூப்பிடுது" என்று சொல்லிவிட்டுத் தொடர்வேன். இதைக் கேட்க ஆள் வரும் என்று நான் கண்டேனா? சீவலப்பேரி பஸ்ஸில் தினமும் கேட்டுக்கொண்டே வேலைக்குப் போவதாக ஒரு பெண் எழுதினாள். கேட்கிறவர்கள் தாங்களாகவே இணையத்தில் ஒரு குழு ஆரம்பித்து, 'விசில் கோஷ்டி' என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. மாமனார் ஓய்வுபெற்ற வாத்தியார், சர்ச்சில் சபைக் கமிட்டியில் இருக்கிறவர். என் நாத்தனார் ஒரு தடவை பாட்டுப் பாடி வீடியோ போட்டதற்கு, "பொம்பளப் பிள்ளை குரல ஊருல உள்ளவன்லாம் கேக்கணுமோ?" என்று அழிக்க வைத்துவிட்டார். என் கணவர் பக்கத்தில் நின்று தலையாட்டினார். என் விஷயம் தெரிந்தால் அந்த அரை மணி நேரமும் போச்சு. மற்றபடி இந்த வீட்டில் நான் பேசுகிற பேச்சு "சரி", "ஆச்சு", "சாப்பிட வாங்க", அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் என் கணவருக்குப் பனியனில் படம் அச்சடிக்கிற கடை. கல்யாணத்துக்கு முன்னால் நான் டிசைன் வேலை பார்த்தவள் என்பதால், கடைக்கு வேண்டிய படங்களை வீட்டில் இருந்தபடியே நான்தான் போட்டுக் கொடுப்பேன். ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி, ஒரு கோஷ்டி பனியன், கப்பு, பையெல்லாம் கேட்டுருக்கானுவ. குக்கர் படம் போடணுமாம். எவளோ ஒருத்தி சீரியல் கதை பேசுதாளாம், அவளுக்கு ரசிகர் மன்றமாம். பைத்தியக்காரப் பயலுவ."

"குக்கர்தானே, வரைஞ்சிரலாம்" என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

அப்புறம் நான் பட்ட பாடு இருக்கிறதே! ஆவி மூன்று சுருளாக வேண்டும் என்றான் ஒருத்தன். குக்கருக்குக் கண் வை, மூக்கு வை என்றாள் இன்னொருத்தி. குழுவுக்குள் போய், "இதெல்லாம் வேண்டாம் மக்களே" என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள். ஆனால் இவரிடம் அவர்கள் சொல்லி வைத்திருந்தது வேறு: "அக்காவுக்குத் தெரியக் கூடாது அண்ணாச்சி, சர்ப்ரைஸ்." அங்கேயும் வாயைத் திறக்க முடியாது, இங்கேயும் முடியாது. என் ரசிகர்களுக்கு என் படத்தை நானே வரைந்து, என் புருஷனிடமே கொடுக்க வேண்டும். நல்லா மாட்டினேன் போங்கள்.

அந்தக் குழப்பத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தேன். கண்ணெதிரே இருந்த எங்கள் குக்கரைப் பார்த்து, கைப்பிடியில் சுற்றியிருந்த கம்பியோடு வரைந்துவிட்டேன். திருகாணி போனதிலிருந்து கம்பிதான். அதைப் பற்றி எப்போதோ ஒரு பதிவில் புலம்பியிருந்தது எனக்கு மறந்தே போயிற்று. கோஷ்டி மறக்குமா?

கடையிலிருந்து வந்ததும் வராததுமாக அடுப்படியில் வந்து நின்றார். "அந்தப் பொம்பள வீட்டுக் குக்கர்லயும் கம்பிதான் கட்டிருக்காம். படத்தப் பாத்துட்டு, 'உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது'ன்னு கேக்கானுவ. நீ ஏன் கம்பி வரைஞ்ச?"

பொய் சொல்லக்கூட வரவில்லை.

"நம்ம வீட்டுக் குக்கரப் பாத்துத்தான் வரைஞ்சேன்."

அடுப்பைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"அது சரி. எல்லா வீட்டுலயும் இதே கதிதான் போலுக்கு" என்று சிரித்துக்கொண்டே கை கழுவப் போய்விட்டார்.

தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு வந்தது ஆத்திரம். இவ்வளவு பச்சையாகச் சொல்லியும் இந்த மனிதருக்கு விளங்கவில்லையே என்று அழுகைகூட வந்தது. அவர் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று பயந்துகொண்டிருந்தவளும் நான்தான்.

பனியனெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போன மாமனாரும் மாமியாரும் இன்னும் திரும்பவில்லை. மிஞ்சின பனியன் ஒன்றை அவரே மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கைபேசியில் என் குரல் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்டர் வந்ததிலிருந்து கடையிலும் தினமும் கேட்கிறாராம்.

"நல்லாத்தான் பேசுதா, என்ன? இவ வீட்டுக்காரன் கொடுத்து வச்சவன்" என்றார்.

கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். என் பேச்சுக்கு அவர் சிரித்து நான் பார்த்ததே கிடையாது. பார்க்கப் பார்க்க எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. மாமனார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், இவரிடம் இப்போதே சொல்லிவிடுவது என்று கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன்.

"அத்தான், ஒன்னு சொல்லணும். அது வந்து..."

கண்ணைக் கைபேசியிலிருந்து எடுக்காமல் கையை உயர்த்தினார்.

"ஏட்டி, கொஞ்சம் பேசாம இரு. அவ பேசுதது கேக்க மாட்டேங்கு."